முத்துக்குளித்துறையின் அண்ட்ரிக் அடிகளார்

ஞாயிறு திருப்பலியில் விசுவாச அறிக்கை சொல்ல எழுந்து நிற்கும்போது நம் வாயில் வரும் முதல் சொற்களுள் ஒன்று 'நம்புகிறேன்' என்பது. நம் பாட்டிமார் 'விசுவசிக்கிறேன்' என்றார்கள். ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இந்த மன்றாட்டைச் சொல்லக் கற்ற நம் முன்னோர் அந்த இடத்தில் வேறொரு சொல்லைச் சொன்னார்கள். 'எனக்கு வேணும்' என்று சொன்னார்கள்.

1542-இல் இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு தெரிந்த சிலரை உட்கார வைத்து, மன்றாட்டுகளை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடமாகக் கற்றுக்கொண்டு, கையில் மணியடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நம்புவதற்கும் வேண்டும் என்பதற்கும் உள்ள வேறுபாடு அவருக்கே பின்னர்தான் தெரிய வந்தது. 1544-இல் உடன் உழைத்தவருக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சொல்லை மாற்றிவிடச் சொன்னார். சவேரியாரின் புனிதத்துவத்துக்கு இது குறையன்று. ஆனால் மொழி தெரியாமல் நற்செய்தி சொல்வதில் எவ்வளவு பெரிய ஆபத்து இருக்கிறது என்பதை இந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. அந்த ஆபத்தை முழுவதும் உணர்ந்து, தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கு மருந்து தேடுவதில் செலவிட்டவர்தான் அண்ட்ரிக் அடிகளார்.

ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பது அவருடைய போர்த்துக்கீசியப் பெயர். தமிழ் நாவில் அது அண்ட்ரிக் ஆயிற்று. தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்று நம் பாடநூல்களும் மலர்களும் அவரைப் போற்றுகின்றன. அது உண்மையே. ஆனால் அவர் எந்த வாசல் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தார் என்பதைப் பலரும் சொல்வதில்லை. நாம் அங்கிருந்தே தொடங்க விரும்புகிறோம்.

1520-இல் போர்த்துக்கல் நாட்டின் வில்லா விசோசா என்னும் ஊரில் அவர் பிறந்தார். அவருடைய குடும்பம் யூத வழி வந்த குடும்பம். 1497-இல் மன்னர் மானுவேல் போர்த்துக்கல்லில் இருந்த யூதர்களைக் கட்டாயத் திருமுழுக்குக்கு உட்படுத்தினார். அப்படிக் கிறிஸ்தவர்களானவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் 'புதுக் கிறிஸ்தவர்கள்' என்று தனியாகப் பிரித்துப் பேசினார்கள். எத்தனை தலைமுறை கடந்தாலும் அந்த அடைமொழி போகவில்லை. 1536-இல் அந்நாட்டில் மறைவிசாரணை மன்றம் நிறுவப்பட்டபோது அதன் சந்தேகக் கண் முதலில் விழுந்தது இவர்கள்மீதுதான். திருமுழுக்குப் பெற்றவர், நற்கருணை வாங்குபவர், செபமாலை சொல்பவர். ஆனாலும் இரத்தம் சுத்தமில்லை என்றார்கள்! பிறப்பைக் கேட்டு ஆளை எடைபோடும் இந்த வழக்கத்தை விளக்கிச் சொல்ல நமக்கு அகராதி தேவையில்லை. இறந்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தவர்கள் நாம்.

இளைஞர் ஹென்றிக்கஸ் துறவியாக விரும்பி பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவருடைய யூதப் பூர்வீகத்தைக் காரணம் காட்டி அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பின்னர் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545-இல், தம் 25-ஆம் வயதில், அங்கேயே இயேசு சபையின் கதவைத் தட்டினார். அவருக்கு முன்னால் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று பிறப்பு. மற்றொன்று, வேறொரு சபையின் உடையை ஏற்கெனவே அணிந்திருந்தது. அத்தகையவரை இயேசு சபை வழக்கமாக ஏற்பதில்லை. இருந்தும் அவரை ஏற்றுக்கொண்டார்கள். சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாருக்கு இந்த இரத்தக் கணக்கில் நம்பிக்கை இருந்ததில்லை. ஆண்டவர் இயேசுவும் அன்னை மரியாவும் பிறந்த இனத்தில் தாமும் பிறந்திருந்தால் அதைப் பெரும் பேறாகக் கொண்டிருப்பேன் என்ற கருத்துடையவர் அவர். அவருக்குப் பின் சபையின் தலைவரான தியேகோ லாயினஸ் யூத வழி வந்தவரே.

சபையில் சேர்ந்த மறு ஆண்டே, 1546-இல், ஹென்றிக்கஸ் கப்பலேறிக் கோவா வந்தார். அடுத்த ஆண்டு சவேரியார் அவரை முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார். அதன் பிறகு தாய்நாட்டைக் காண அவர் திரும்பவே இல்லை.

அவர் வந்திறங்கிய கரையின் நிலையையும் சிறிது பார்க்க வேண்டும். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் இக்கரையில் முத்துக்குளித்து வாழ்ந்த பரதவர்கள், தங்கள் தொழிலையும் உயிரையும் காத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி, 1530-களின் நடுவில் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். திருமுழுக்கு கிடைத்தது, கற்றுக்கொடுக்க ஆளில்லை. சவேரியார் வந்து ஈராண்டுகள் உழைத்து அடித்தளம் இட்டார். ஆனால் அவர் மலாக்கா, மொலுக்காஸ், ஜப்பான் என்று போய்க்கொண்டே இருந்தார். தங்கியிருந்து வளர்க்க ஒருவர் தேவைப்பட்டார்.

துபாசி வைத்துக்கொண்டு மறையுரை ஆற்றுவதாவது பரவாயில்லை என்று விட்டுவிடலாம். பாவசங்கீர்த்தனத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் தன் மனத்தின் ஆழத்தில் கிடக்கும் குற்றத்தைச் சொல்ல வருகிறாள். குருவுக்கு அவள் பேச்சு புரியாது. நடுவில் ஒரு மூன்றாம் ஆள் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்டு மாற்றிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னானா, கூட்டிச் சொன்னானா, நாளை ஊரில் போய்ச் சொல்வானா? அந்தச் சூழலில் யார் மனம் திறந்து பேசுவார்கள்? சொன்னது ஒன்று, துபாசி மொழிபெயர்த்தது வேறொன்று என்பதை ஹென்றிக்கஸ் தம் காதால் கேட்டு வருந்தினார். அதனால் தமிழைக் கற்றே தீர்வது என்று முடிவு செய்தார்.

கற்பிக்கப் பள்ளியில்லை, இலக்கண நூலைப் புரியவைக்க ஆளில்லை. கரையில் வலை உலர்த்துபவர்களும் கட்டுமரம் தள்ளுபவர்களும் பேசிய பேச்சே அவருக்குப் பாடம். தாம் அறிந்த இலத்தீன் இலக்கணத்தை அச்சாக வைத்துக்கொண்டு, தமிழில் வேற்றுமை எப்படி வருகிறது, வினை எப்படித் திரிகிறது, இறந்த காலம் எது, எதிர்காலம் எது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். இரவும் பகலும் அதே வேலை. சில மாதங்களில் துபாசி இல்லாமலே பேசத் தொடங்கினார். 1548-இல் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் படிப்பைப் பற்றி விரிவாகத் தெரிவித்தார். அவர் எழுதிய இலக்கணம் கைப்பிரதியாகவே லிஸ்பன் நகர நூலகத்தில் நெடுங்காலம் இருந்தது. 1982-இல் அது பதிப்பிக்கப்பட்டது. பிறகு தமிழறிஞர் வி. எஸ். ராஜமும் ஜீன் ஹெய்னும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013-இல் வெளியிட்டார்கள். தொல்காப்பியமும் நன்னூலும் செய்யுள் தமிழுக்கு இலக்கணம் சொன்னவை. பதினாறாம் நூற்றாண்டில் நம் கடற்கரை மக்கள் வீட்டில் எப்படிப் பேசினார்கள் என்பதை அறிய இந்தக் கைப்பிரதியே பெரிய ஆதாரம்.

தாம் மட்டும் கற்றால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. கரையில் இருந்த குருக்களும் சகோதரர்களும் தங்களுக்குள் தமிழிலேயே பேசவும் எழுதவும் வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். போர்த்துக்கீசிய மொழியில் பேசிவிட்டால் அதற்குத் தண்டனை உண்டு! ஆள வந்த இனத்தின் மொழி எங்கும் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அந்த இனத்துக் குருக்களே சாப்பாட்டு மேசையில் தடுமாறித் தடுமாறித் தமிழ் பேசிய காட்சியை நினைத்தால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. நம் பிள்ளைகள் தமிழில் பேசியதற்காகப் பள்ளியில் அபராதம் கட்டிய காலத்தையும் நாம் கண்டோம் அல்லவா!

பிறகு பழைய மன்றாட்டுகளைக் கையில் எடுத்துத் திருத்தினார். அதில் ஒரு வேடிக்கையான இடம் உண்டு. திருப்பலியைக் குறிக்கும் 'மிசா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லை அப்படியே வைத்திருந்தார்கள். நம் மக்களின் காதில் அது 'மீசை' என்று விழுந்தது! பின்னர் அதை நீக்கி, மக்கள் அறிந்த 'பூசை' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் பல நூற்றாண்டுகள் பூசைக்குப் போனார்கள், பூசை கண்டார்கள், பூசை வைத்தார்கள். திருப்பலி என்ற சொல் வந்த பிறகும் நம் ஊர்களில் முதல் மணி அடித்ததும், பூசைக்கு நேரமாகிறது என்றுதான் வீட்டில் குரல் கேட்கிறது. 'மீசை'யிலிருந்து நம்மைக் காப்பாற்றியவர்களை ஒருமுறையாவது நினைத்துக்கொள்வது நன்று.

1549-இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி அடிகளார் படைவீரர்களால் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்த சாட்சி அவர். அவருக்குப் பின் கரைப் பணித்தளத்தின் தலைமை ஹென்றிக்கஸ் தோளில் விழுந்தது. உடல் நலம் குன்றியவர் அவர். இருந்தும் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பொறுப்பைச் சுமந்தார். படையெடுப்பு, கொள்ளை, ஊர் எரிப்பு எல்லாவற்றையும் மக்களோடு மக்களாகக் கண்டார். 1550-ஆம் ஆண்டளவில் புன்னைக்காயலில் ஏழை மக்களுக்காக ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். மக்களின் காணிக்கையில் அது நடந்தது. 1560-இல் போர்த்துக்கீசியர் மன்னார்த் தீவைப் பிடித்து, பரதவர்களில் பலரை அங்கே குடியேற்றினார்கள். அவரும் அவர்களோடு மன்னாருக்குப் போனார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் உள்ளன. ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளைப் பயிற்றுவித்து, குரு இல்லாத நாளிலும் செபமும் ஞான உபதேசமும் நடக்கச் செய்தார். அந்தக் கணக்கப்பிள்ளைகளின் வழிமுறையில் வந்தவர்களே நம் உபதேசியார்கள்.

ஓலையில் எழுதினால் ஒரு நேரத்தில் ஒரு படி. எழுதுகிறவன் தவறினால் மன்றாட்டும் தவறும். 'எனக்கு வேணும்' கதை மீண்டும் நடக்கலாம். அச்சிட்டால் எல்லா ஊரிலும் ஒரே சொல் இருக்கும். ஆனால் தமிழ் எழுத்தில் அச்சு என்பதே அதுவரை இல்லை. 1554-இல் லிஸ்பனில் ஒரு தமிழ் மறைக்கல்வி நூல் அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழை உரோமை எழுத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். கரையில் வலை இழுக்கும் ஒருவனால் அதை எப்படிப் படிக்க முடியும்?

கோவாவில் இருந்த ஸ்பானியச் சகோதரர் ஜுவான் கொன்சால்வஸ், இரும்பு வேலையில் கைதேர்ந்தவர், 1577-இல் தமிழ் எழுத்துகளை அச்சுக்காகச் செதுக்கினார். 1578-இல் கொல்லத்தில் ஜொவான் தெ ஃபாரியா அடிகளார் இன்னும் திருத்தமான எழுத்துகளை வார்த்தார். அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. 16 பக்கங்களே கொண்ட, உள்ளங்கையில் அடங்கும் சிறு நூல். மொழிபெயர்ப்பில் மனுவேல் தெ சான் பேத்ரோ என்னும் குரு துணைநின்றார். அச்சுக்கான செலவைப் பரதவ மக்களே கொடுத்தார்கள். மூச்சடக்கிக் கடலடியில் பொறுக்கிய சிப்பியின் பணம் அது. கோவாவில் செய்த எழுத்து, கொல்லத்தில் செய்த எழுத்து என இரண்டின் மாதிரியையும் நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். புது வலையைப் பின்னி முடித்தவர் அதைக் கரையில் விரித்துக் காட்டுவது போல!

இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் மொழி என்ற பெருமை இதனால் தமிழுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1579 நவம்பர் 14 அன்று, கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. குருவும் சீடனும் கேள்வியும் பதிலுமாகப் பேசும் மறைக்கல்வி நூல் அது. 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் 'கொம்பெசியொனாயரு' வந்தது. துபாசி வழியாகப் பாவம் கேட்ட காலத்தைப் பார்த்து மனம் நொந்தவர், 33 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நூலைத் தமிழ் மக்கள் கையில் கொடுத்தார். 1586-இல் வந்த 'அடியார் வரலாறு' இவை எல்லாவற்றிலும் பெரியது. 600 பக்கங்களுக்கும் மேற்பட்டது. புனிதர்களின் வாழ்க்கையைத் திருநாள் முறைப்படி உரைநடையில் சொல்வது.

இந்த நூல்களை இன்று கையில் எடுப்பவர் சற்றுத் திகைத்துப் போவார். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. ஓலைச்சுவடியில் எப்படி எழுதினார்களோ அப்படியே அச்சிலும் வைத்தார்கள். நடுவே போர்த்துக்கீசியச் சொற்கள் தாராளமாகக் கலந்து கிடக்கும். வீரமாமுனிவரின் செந்தமிழை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாற்றமடைவார்கள். பிற சமயங்களைப் பற்றி அவர் கொண்டிருந்த பார்வையும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வாழும் நமக்கு உறுத்தலாகவே இருக்கும். அவர் தம் காலத்தின் மனிதர். ஆனால் பண்டிதர் மெச்ச வேண்டும் என்று அவர் எழுதவில்லை. படகுத்துறையில் நின்று படிக்கக் கேட்பவனுக்குப் புரிய வேண்டும் என்று எழுதினார். அச்சில் வந்த முதல் தமிழ் உரைநடை ஏழை மீனவனுக்காக எழுதப்பட்டது என்பதை நம் இலக்கிய வரலாறுகள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

இனி, நம்மை மிகவும் வருத்தும் செய்திக்கு வருகிறோம்.

அவர் இக்கரையில் உழைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் புதுக் கிறிஸ்தவர்கள்மீது இருந்த வெறுப்பு ஐரோப்பாவில் குறையவில்லை, வளர்ந்தது. 1560-இல் கோவாவிலும் மறைவிசாரணை மன்றம் வந்துவிட்டது. தொடக்க ஆண்டுகளில் அதுவும் யூத வழி வந்தவர்களையே தேடியது. 1593-இல் இயேசு சபையின் ஐந்தாம் பொதுப் பேரவை உரோமையில் கூடியது. யூத அல்லது முஸ்லிம் வழி வந்த எவரையும் இனிச் சபையில் சேர்க்கலாகாது என்று அது விதி செய்தது. இஞ்ஞாசியார் திறந்து வைத்த வாசலை அவருடைய பிள்ளைகளே அடைத்தார்கள்.

அந்த ஆண்டில் அண்ட்ரிக் அடிகளாருக்கு வயது 73. அச்சபையில் 48 ஆண்டுகளும், அதில் நம் கரையில் 46 ஆண்டுகளும் கழித்திருந்தார். சபைக்கு முதல் தமிழ் இலக்கணத்தையும் முதல் தமிழ் அச்சு நூலையும் கொடுத்தவர். புதிய விதியின்படி, அவரைப் போன்ற ஓர் இளைஞன் அன்று கோயிம்பிராவில் வந்து கதவைத் தட்டியிருந்தால், உள்ளே அனுமதி கிடைத்திருக்காது.

அவரோ கரையை விட்டுப் போகவில்லை. எந்த ஊரில் எந்தக் குடும்பத்தில் பிறந்தாய் என்று கேட்டு அவரைத் தள்ளியவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். இங்கே இருந்தவர்கள் அவர் தமிழில் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகள், அந்தக் குழந்தைகளின் குழந்தைகள். அவர்கள் அவரிடம் பிறப்பைக் கேட்கவில்லை. அவருடைய பேச்சு அவர்களுக்குப் புரிந்தது, அவர்களுடைய பேச்சு அவருக்குப் புரிந்தது.

1600 பிப்ரவரியில், 80 வயதை நெருங்கியோ கடந்தோ, புன்னைக்காயலில் அவர் இறைவனடி சேர்ந்தார். தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இன்று பனிமய அன்னை பேராலயம் என நாம் அழைக்கும் மாதா கோவிலில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய நூல்களும் பல காலம் மறக்கப்பட்டே கிடந்தன. தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவிய தனிநாயகம் அடிகளார், 1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடி இந்த முதல் அச்சு நூல்களைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைக் கொண்டு 'அடியார் வரலாற்றை' இயேசு சபையின் இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் மறுபடியும் பதிப்பித்தார். 'தம்பிரான் வணக்க'த்தின் அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பரதவர் பணத்தில் அச்சான அந்த 16 பக்கங்களைப் பார்க்க இன்று நாம் அங்கேதான் போக வேண்டும்.

1593-இல் செய்த அந்த விதி 1608-இல் சற்றே தளர்த்தப்பட்டது. முழுவதும் நீக்கப்பட்டது 1946-இல்.